ஈ.சி. (வில்லங்கச் சான்று) சுத்தம், பட்டாவும் இருக்கிறது, அட்வான்ஸ் கொடுக்கலாமா?

வந்த கேள்வியின் சுருக்கம் இது. திருச்சி புறநகரில் சாலையோரம் 5 சென்ட் மனை, சென்ட் 6 லட்சம் வீதம் 30 லட்சம். விற்பவரின் அப்பா 1978-ல் கிரையம் வாங்கிய 22 சென்ட்டில் இது ஒரு பகுதி. அப்பா 2003-ல் காலமாகிவிட்டார். பட்டா இப்போது மூத்த மகன் பெயரில் மட்டும் இருக்கிறது, அவரே விற்கிறார். அவருக்கு அம்மா இருக்கிறார், திருமணமான ஓர் அக்கா, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. "30 வருடத்துக்கு ஈ.சி. போட்டுப் பார்த்தோம், ஒன்றுமே இல்லை. புரோக்கர் இந்த வாரமே 3 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்டால் போதும், பதிய வேண்டியதில்லை என்கிறார். கொடுக்கலாமா? மொத்தச் செலவு எவ்வளவு? பதிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?"

இந்த வாரம் கொடுக்காதீர்கள். இடம் மோசமான இடம் என்று சொல்லவில்லை, நல்ல இடமாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால், விற்பவருக்கு அதில் கால் பங்குக்கு மேல் உரிமை இருப்பதாகத் தெரியவில்லை. மீதி முக்கால் பங்கைப் பற்றி ஈ.சி.யும் சொல்லாது, பட்டாவும் சொல்லாது.

முதலில் ஈ.சி. வில்லங்கச் சான்று என்பது, அந்தச் சர்வே நம்பரைக் குறிப்பிட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் என்னென்ன பத்திரங்கள் பதிவாகின என்பதன் பட்டியல், அவ்வளவுதான். பதிவே ஆகாத விஷயம் அதில் வராது. ஒருவர் இறந்தது வராது. பதியாத உயில் வராது (உயிலைப் பதிய வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை, பதியாத உயிலும் செல்லும்). குடும்பத்துக்குள் வாய்மொழியாகப் பேசிக்கொண்ட பாகப்பிரிவினை வராது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. உங்கள் விஷயத்தில் 30 வருட ஈ.சி. வெறுமையாக இருக்கிறது என்றால் அதற்கு அர்த்தம், அப்பா இறந்த பிறகு வாரிசுகள் யாரும் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதுதான். ஆக, "ஒன்றுமே இல்லை" என்பது இங்கே நல்ல செய்தி இல்லை. எந்த விடுதலைப் பத்திரமாவது (ஒரு வாரிசு தன் பங்கை விட்டுக் கொடுத்து எழுதுவது), பாகப்பத்திரமாவது அதில் இருந்திருந்தால்தான் நிம்மதி.

இன்னொன்று, 30 வருடம் போட்டதில் 1978 கிரையமே உள்ளே வராது. பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகளைப் பார்க்கலாம். அதனால் 1975-ல் இருந்தே போடுங்கள். அந்த ஊர் வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்து மாறியிருந்தால் அங்கேயும் போட வேண்டும். சர்வே நம்பர் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய தாய் நம்பருக்கும் போட வேண்டும். இப்போதைய உட்பிரிவு நம்பருக்கு மட்டும் போட்டுவிட்டு "நில்" (எதுவும் இல்லை) என்று காட்டுவது பழைய தந்திரம். சில சமயம் தந்திரம்கூட இல்லை, வெறும் அலட்சியம்.

அடுத்து பட்டா. பட்டா வருவாய்த்துறை ஆவணம். நிலம் யார் கணக்கில் இருக்கிறது என்று அரசு வைத்துக்கொள்ளும் பதிவு. பட்டா மட்டுமே உரிமைக்கு ஆதாரமாகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அப்பா இறந்த பிறகு மூத்தவர் பெயருக்கு மட்டும் எப்படி மாறியது என்று கேளுங்கள். வழக்கமாக வரும் பதில், "அம்மாவும் மற்றவர்களும் ஆட்சேபனை இல்லை என்று தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்பது. அப்படியே எழுதிக் கொடுத்திருந்தாலும் பட்டாவில் பெயர் போடத்தான் அது உதவும். தங்கள் பங்கை அவருக்கு விட்டுக் கொடுத்ததாக அது ஆகாது. பங்கை விடுவதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும், அது ஈ.சி.யில் தெரிந்திருக்கும், தெரியவில்லை. விஷயம் இதோடு முடிந்தது.

சரி, அப்படியானால் பத்திரத்தைப் பதிந்துவிட்டால் சார்பதிவாளர் எல்லாவற்றையும் பார்த்திருப்பார் அல்லவா என்று கேட்பீர்கள். பார்க்க மாட்டார், அவர் வேலை அது இல்லை. பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அவர்தானா, முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டியிருக்கிறதா, தடை செய்யப்பட்ட நிலமா என்றெல்லாம் பார்ப்பார். விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் அதிகாரத்தில் இல்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது இதையே வெளிப்படையாகச் சொன்னது. மூத்த மகன் மட்டும் கையெழுத்துப் போட்டு முழு 5 சென்ட்டையும் பதிந்து கொடுத்தாலும், அவர் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் உங்களுக்கு வரும். மற்ற வாரிசுகள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால் நீங்களும் ஒரு பிரதிவாதி.

இப்போது அந்தப் பங்குக் கணக்கு. குடும்பம் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கே வேறு. அப்பா தன் சொந்தப் பணத்தில் வாங்கியது, உயில் எழுதாமல் இறந்தார் என்றால், 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு. இங்கே அம்மா, அக்கா, இவர், தம்பி என நான்கு பேர், ஆளுக்குக் கால். "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே நகை, சீர் எல்லாம் செய்தாகிவிட்டது, பங்கு கிடையாது" என்று சொல்வார்கள். ஊர் வழக்கு அது, சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு 1956-ல் இருந்தே உண்டு. பலரும் குழப்பிக்கொள்ளும் 1989-ம் வருடத் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ம் வருட மத்தியச் சட்டத் திருத்தமும் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. 1978 கிரையப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பூர்வீக நிலத்தை விற்ற பணத்தில் வாங்கியது என்று அதில் எழுதியிருந்தால் மட்டும் அந்தக் கணக்குக்குள் போக வேண்டியிருக்கும், அப்போதும் அக்காவின் கையெழுத்து இல்லாமல் நகர முடியாது.

இறந்தவரின் தாய் என்று சொன்னேன் அல்லவா, பெரும்பாலும் கோட்டை விடுகிற இடம் அதுதான். 2003-ல் அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்தாரா என்று கேளுங்கள். இருந்தார் என்றால் பங்கு ஐந்தாகிறது, ஐந்தில் ஒன்று பாட்டிக்கு. அப்புறம் பாட்டியும் இறந்துவிட்டால் அந்தப் பங்கு பாட்டியின் எல்லாப் பிள்ளைகளுக்கும், அதாவது விற்பவரின் சித்தப்பா, அத்தை வரைக்கும் போகும். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றில் பாட்டி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றில் விட்டுப்போனாலும் சட்டப்படியான பங்கு போய்விடாது. (இறந்தவரின் தந்தை முதல் நிலை வாரிசு இல்லை, தாய் மட்டும்தான். ஏன் இப்படி என்று கேட்டால் 1956-ல் சட்டம் செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.)

அதேபோல யார் முதலில் இறந்தார் என்பதும் முக்கியம். உங்கள் விஷயத்தில் அக்கா இருக்கிறார், சிக்கல் இல்லை. ஆனால் பல குடும்பங்களில் ஒரு மகள் இறந்திருப்பார். அவர் அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பங்கு, மருமகனுக்கு இல்லை. அப்பாவுக்குப் பிறகு இறந்திருந்தால் பங்கு அவர் கைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது; அவருடைய பிள்ளைகளோடு கணவருக்கும் சேர்த்துப் போகும். "மாப்பிள்ளை கையெழுத்து வேண்டுமா?" என்ற கேள்விக்கு இரண்டு இறப்புச் சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். வாரிசுகளில் 18 வயது நிரம்பாதவர் யாராவது இருந்து, அவர் பங்கை விற்பதானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்றால், அந்தப் பிள்ளை மேஜரான பிறகு 3 வருடத்துக்குள் அந்தக் கிரையத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

இதற்குத் தீர்வு கஷ்டமானது இல்லை. நான்கு பேரும் சேர்ந்து விற்பவர்களாகக் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு ஒரே கிரையப் பத்திரம் எழுதித் தரட்டும். முதலில் மற்ற மூவரும் மூத்தவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதி, பிறகு அவர் உங்களுக்கு விற்கும் வழியும் உண்டு, ஆனால் அதற்குத் தனிச் செலவு. பத்திரத்திலேயே அப்பா இறந்த தேதி, வாரிசுகள் இவர்கள்தான், வேறு வாரிசு இல்லை, உயில் எதுவும் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். விற்பவர்களின் பெயரில் நீதிமன்ற வழக்கு ஏதும் இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டும்.

சிங்கப்பூர் தம்பி நேரில் வந்தால் நல்லது. வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பவரை வைத்துப் பதியும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஆயுள் சான்றும் கேட்பார்கள், ஏனென்றால் அவர் இறந்த நிமிடமே பவர் செத்துவிடும். பவர் என்பது ஒருவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டுமே, அதை வாங்கிவிட்டால் நிலத்தை வாங்கியதாக ஆகாது. 2011-ல் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொல்லியும், "இப்போதைக்குப் பவர் வாங்கிக்கோங்க, அப்புறம் கிரையம் பண்ணிக்கலாம்" என்று சொல்லும் புரோக்கர்கள் இன்னும் குறையவில்லை.

ஒப்பந்தத்துக்கு வருவோம். புரோக்கர் சொன்னது தவறு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். சுவாதீனம் தராத (நிலத்தை வாங்குபவர் கையில் ஒப்படைக்காத) சாதாரண ஒப்பந்தத்துக்குப் பதிவுக் கட்டணம் அட்வான்ஸ் தொகையில் 1%, 3 லட்சத்துக்கு 3,000 ரூபாய். பதியாத ஒப்பந்தத்தை வைத்து, கிரையம் செய்து தரச் சொல்லி வழக்குப் போடவே முடியாது என்று இல்லை; 2023-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில், அப்படிப்பட்ட வழக்கில் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நடைமுறையில் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பதிந்த ஒப்பந்தம் ஈ.சி.யில் ஏறும். பதியாவிட்டால் ஏறாது. நாளைக்கே அவர் கூடுதல் விலைக்கு வேறொருவருக்குப் பத்திரம் போட்டுவிட்டால், "எனக்கு ஒப்பந்தம் இருந்ததே தெரியாது" என்று அந்த ஆள் நிம்மதியாகச் சொல்வார், நீங்கள் அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு அலைவீர்கள்.

ஒப்பந்தத்திலும் நான்கு பேரும் கையெழுத்திட வேண்டும். அட்வான்ஸ் 10% போதும், நீங்கள் சொன்ன 3 லட்சம் அந்தக் கணக்குக்குச் சரிதான். காலக்கெடு, கெடு தவறினால் என்ன, அளந்து பார்த்துக் குறைந்தால் விலை எப்படிக் குறையும் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் மீதிப் பணம் தயாராக இருக்கிறது என்பதற்கு அடையாளமும் வேண்டும், வங்கிக் கணக்கு, கடன் ஒப்புதல் கடிதம் மாதிரி. பின்னால் வழக்கு வந்தால், நாங்கள் எப்போதும் தயாராக இருந்தோம் என்று காட்ட வேண்டியவர் வாங்குபவர்தான். கெடுவில் இருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் அந்த வழி அடைபடும். விற்பவருக்கும் ஒரு வார்த்தை: பேரம் முறிந்தால் ஒப்பந்த ரத்தையும் பதியுங்கள். இல்லாவிட்டால் அது ஈ.சி.யில் நின்றுகொண்டு அடுத்து வருபவரை எல்லாம் விரட்டும்.

அட்வான்ஸ் உட்பட 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், பணத்தை வாங்கியவருக்கு வருமான வரித்துறை அதே தொகையை அபராதமாகப் போடலாம். எல்லாவற்றையும் வங்கி வழியாகவே கொடுங்கள். நான்கு பேருக்கும் அவரவர் கணக்கில் அவரவர் பங்கு போவது இன்னும் நல்லது, பின்னால் அக்கா "எனக்கு ஒரு பைசா வரவில்லை" என்று சொல்ல வழி இருக்காது.

22 சென்ட்டில் 5 சென்ட்டைப் பிரித்து வாங்குவதால் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று அங்கீகாரம். விவசாய நிலத்தை அனுமதி இல்லாமல் மனையாகப் பிரித்து விற்பதைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன் பிறகு வந்த 2017 வரன்முறை விதிகளில் (அனுமதி இல்லாத மனைகளை முறைப்படுத்தும் விதிகள்) 2016 அக்டோபர் 20-தான் எல்லைக் கோடு, அதற்கு முன் உருவான மனைகளுக்குத்தான் வரன்முறை. 1978 பத்திரத்தில் நிலம் புஞ்சை என்று இருக்கிறதா, மனை என்று இருக்கிறதா என்று பாருங்கள். புஞ்சை என்றால், இந்தப் பிரிவினைக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. வீடு கட்ட பிளான் போடும்போதும் வங்கிக் கடன் கேட்கும்போதும் அது முகத்தில் அடிக்கும்.

இரண்டாவது அளவு. பத்திரம் சென்ட்டில் இருக்கும், பட்டா ஹெக்டேர்-ஏரில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அது 2.47 சென்ட். 22 சென்ட் என்றால் பட்டாவில் சுமார் 8.9 ஏர் இருக்க வேண்டும். குறைந்தால், 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் (யு.டி.ஆர்.) விழுந்த பிழையாக இருக்கலாம், அல்லது பக்கத்துக்காரர் நகர்ந்து வந்திருக்கலாம். புல வரைபடத்தை எடுத்து, சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்ட பிறகு விலை பேசுங்கள். அப்படியே அந்தச் சர்வே நம்பர் 'அ' பதிவேட்டில் (ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) என்னவென்று இருக்கிறது என்றும் பாருங்கள். புறம்போக்கு, கோயில் நிலம், வக்பு, பஞ்சமி நிலம் என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

செலவு: கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 30 லட்சத்துக்கு 2,10,000-மும் 60,000-மும் சேர்ந்து 2,70,000. வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) 30 லட்சத்தைவிடக் கூடுதல் என்றால் அந்த மதிப்புக்குக் கட்ட வேண்டும். பெண்கள் பெயரில் பதிந்தால் 1% சலுகை உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2025 ஏப்ரலில் வந்தது, ஆனால் 10 லட்சம் மதிப்பு வரைக்கும்தான், உங்களுக்குப் பொருந்தாது. இதற்கு மேல் உட்பிரிவுக் கட்டணம் உட்படச் சில்லறைக் கட்டணங்கள், பத்திரம் எழுதுபவர் கூலி, வழக்கறிஞர் கட்டணம். யாராவது 'ஆபீஸ் செலவு' என்று தனியாக ஒரு தொகை சொன்னால் ரசீது கேட்டுப் பாருங்கள், தொகை தானாகக் குறையும்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடலாம் என்பார்கள். போடாதீர்கள். நாளை நீங்கள் விற்கும்போது அந்தக் குறைந்த விலைதான் உங்கள் கொள்முதல் விலை, லாபம் பெரிதாகத் தெரியும், வரியும் பெரிதாகும்.

வரிப் பிடித்தம் பற்றி: 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1% பிடித்துக் கட்ட வேண்டும், உங்களுக்கு அந்த வரம்பு வரவில்லை. ஆனால் தம்பி வருமான வரிக் கணக்கில் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்கு அந்த 50 லட்ச வரம்பே கிடையாது. விகிதமும் 1%-ஐவிட மிக அதிகம். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு உங்கள் தலையில். அவர் முன்கூட்டியே வருமான வரித்துறையில் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்கலாம், அதற்கு நேரம் ஆகும், ஒப்பந்தக் கெடுவில் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விற்பவர்கள் கேட்டால் சொல்லுங்கள்: 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் 1.4.2001 அன்றைய மதிப்பைக் கொள்முதல் விலையாக எடுத்துக்கொள்ளலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது.

பதிவு நாளில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் இன்னொரு முறை ஈ.சி. பாருங்கள். வரைவை நீங்களே வரி வரியாகப் படியுங்கள், சர்வே நம்பர், நான்கு எல்லை, எல்லோர் பெயரும் ஆதாரில் உள்ளபடி. பிழை விழுந்தால் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு மறுபடி அதே நான்கு பேரையும் தேட வேண்டும், சிங்கப்பூர் உட்பட. இரண்டு சாட்சிகள் வேண்டும். 1978 அசல் பத்திரம் உங்களுக்குக் கிடைக்காது, மீதி 17 சென்ட் அவர்களிடமே இருப்பதால் அவர்கள்தான் வைத்துக்கொள்வார்கள். சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டு, தேவைப்படும்போது அசலைக் காட்டுவோம் என்று பத்திரத்தில் ஒரு வரி சேருங்கள். அதற்கு முன் அசலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். தொலைந்துவிட்டது என்றாலோ, ஜெராக்ஸ் மட்டும் காட்டினாலோ, அது எங்காவது அடமானத்தில் இருக்கிறதா என்ற சந்தேகம் வர வேண்டும்.

பதிந்த பிறகு பட்டா மாறுதலுக்கான விவரம் பதிவு அலுவலகத்தில் இருந்தே வருவாய்த்துறைக்குப் போகும். முழு சர்வே நம்பரையும் வாங்கியிருந்தால் அது சீக்கிரம் முடியும். நீங்கள் வாங்குவது ஒரு பகுதி, அதனால் சர்வேயர் நேரில் வந்து அளந்து, உட்பிரிவு செய்து புது எண் கொடுத்த பிறகுதான் உங்கள் பெயரில் தனிப்பட்டா வரும். அவர் வரும் நாளில் நீங்களும் விற்பவரும் அங்கே இருங்கள். பட்டா வந்ததும் பெயர், உட்பிரிவு எண், பரப்பு மூன்றையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் உடனே தாசில்தாரிடம் மனு கொடுங்கள். ஈ.சி.யும் ஒன்று எடுத்து, உங்கள் பத்திரம் சரியான சர்வே நம்பரில்தான் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலி மனை வரியையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.